கண்டதும் காட்டுவதும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு ஏலமலை நீலச் சுவரெனத் தோன்றும். அச்சுவரின் மடிப்புகளிலும் அடிவாரத்திலும் பல காலத்து மனித வாழ்வின் எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. மலைக்கு அப்பால் மறையூர்ப் பகுதியில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள். ஊருக்குள்ளே ஜமீன் அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள். கொட்டகுடிப் பக்கத்தில் வெள்ளையர் காலத்துக் கம்பிவடப் பாதையின் இடிபாடுகள். இவற்றுள் முழுமையாக நிற்பவை சில. பாதி சிதைந்தவையும் தடமே மறைந்தவையும் பல.

சிதைந்ததை முழுமையாகக் காண விழைவது மனித இயல்பு. முன்னாளில் அவ்விழைவை ஓவியனின் தூரிகையும் கதைசொல்லியின் நாவும் நிறைவேற்றின. இன்று அப்பணியைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. இடிந்த கோட்டையை எழுப்பி, மண்மூடிய தெருவில் மக்களை நடமாடவிட்டு, காண்போரை அதனுள் அழைத்துச் செல்லும் இக்கலைக்கு 'மெய்நிகர் தொல்லியல்' என்று பெயர். ஓவியத்தைப் பார்க்கிறவர் அது ஓவியம் என்பதை அறிவார். கணினி எழுப்பும் உருவமோ ஒளிப்படம்போல் தோன்றுவதால், பார்க்கிறவர் சான்றையே நேரில் கண்டதாக நம்பிவிடுகிறார். அவ்வாறு நம்பும் ஒருவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்ன? மறைந்துபோன மனிதருக்கு நாம் பட்ட கடன் என்ன? இவ்விரு வினாக்களும் அறிவியலைச் சார்ந்தவைபோல் தோன்றினும், அடிப்படையில் மனச்சான்றைச் சார்ந்தவை.

நெறிகள் பிறந்த வரலாறு

'மெய்நிகர் தொல்லியல்' என்னும் தொடரை 1990-ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் பணியாற்றிய பால் ரெய்லி என்னும் ஆய்வாளர். அவரது நோக்கம் கண்கவர் காட்சியன்று. அகழாய்வு என்பது, ஏட்டுச்சுவடி ஒன்றைப் படித்துக்கொண்டே படித்த ஏட்டை எரித்துவிடுவது போன்றது. தோண்டிய மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. ஆகவே தோண்டுமுன் இருந்த நிலையைக் கணினியில் காத்துவைத்தால், பின்வரும் ஆய்வாளர் அதை மறுபடி ஆராயலாம் என்று அவர் எண்ணினார். ஆனால் கணினியின் ஆற்றல் பெருகப் பெருக, ஆய்வுக்கென வந்த கருவி காட்சிக்கு உரியதாயிற்று. பளபளக்கும் அரண்மனைகளும் மாசற்ற தெருக்களும் திரையில் எழுந்தன. அவற்றுள் எது அகழ்ந்து கண்டது, எது கலைஞர் சேர்த்தது என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை.

இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. 1964-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட பன்னாட்டுச் சாசனம் பழங்கட்டடங்களைப் புதுப்பிப்போர்க்கு ஓர் எல்லை வகுத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிக்கும் பணி நின்றுவிட வேண்டும். மேலும் ஏதேனும் சேர்க்கத்தான் வேண்டுமெனில், சேர்த்தது பிற்காலத்தது என்று பார்த்த அளவில் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வகுத்த அவ்வெல்லையைக் கணினித் திரைக்கும் கொண்டுவரும் முயற்சியாக 2006-இல் இலண்டன் சாசனம் உருவாகி, 2009-இல் திருத்தம் பெற்றது. அதைத் தொடர்ந்து ஸ்பெயின் நாட்டு அறிஞர் முயற்சியால் செவில் கோட்பாடுகள் பிறந்தன. அக்கோட்பாடுகளை நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு மன்றமாகிய இகோமாஸ் தன் பொதுப் பேரவையில் ஏற்றுக்கொண்டது 2017 டிசம்பரில். ஏற்றுக்கொண்ட இடம் நம் நாட்டுத் தலைநகராகிய புதுடில்லி. நம் மண்ணிலேயே உறுதிசெய்யப்பட்ட இந்நெறிகள் நம் சிற்றூர்களுக்கு இன்னும் அந்நியமாகவே இருக்கின்றன என்பதே கருதத்தக்கது.

அளவையும் கற்பனையும்

பாரிஸ் நகரின் நோத்ர் தாம் பேராலயம் இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திற்று. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010-ஆம் ஆண்டில் லேசர் கருவியோடு அப்பேராலயத்துள் நுழைந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேலான புள்ளிகளாக அக்கட்டடத்தை அளந்தார். 2018 நவம்பரில் அவர் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 15 அன்று, தீ அப்பேராலயத்தின் கூரையையும் கூர்ங்கோபுரத்தையும் விழுங்கியது. 2024 டிசம்பரில் அதன் கதவுகள் மீண்டும் திறக்கும்வரை நடந்த பணிக்கு, மறைந்தவர் விட்டுச்சென்ற அளவைகள் பெருந்துணையாயின.

தீ விபத்து நேர்ந்த நாட்களில் மற்றொரு செய்தியும் பரவியது. 2014-இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' என்னும் கணினி விளையாட்டில் அப்பேராலயம் நுணுக்கமாக வரையப்பட்டிருப்பதால், அதைக் கொண்டே திரும்பக் கட்டலாம் என்று பலர் நம்பினர். ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நிகழ்வதாக அமைந்த அவ்விளையாட்டில், 1859-இல் எழுப்பப்பட்ட கூர்ங்கோபுரம் இடம்பெற்றிருந்தது! பழைய கோபுரம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரித்து இறக்கப்பட்டுவிட்டது. கோபுரமின்றி அப்பேராலயத்தைக் கண்டால் மக்களுக்கு அடையாளம் தெரியாது. விளையாட்டுக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டும் கணினி உருவங்களே. ஒன்று அளந்தது, மற்றொன்று புனைந்தது. பார்க்கும் கண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது. படைத்தவர்தாம் கூற வேண்டும்.

கொந்தகையின் இரு முகங்கள்

இவ்வினா இப்போது வைகைக் கரைக்கும் வந்துவிட்டது. போடி மலையில் பிறக்கும் கொட்டகுடி ஆறு வைகையோடு கலக்கிறது. அந்த வைகையின் இரு கரைகளிலும் 2013-14-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருஷ்ணன் குழுவினர் ஆய்ந்து 293 தொல்லிடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடியின் புகழ் நாடறிந்தது. கீழடி வாழ்ந்தோரின் ஊர் என்றால், அருகிலுள்ள கொந்தகை இறந்தோரின் காடு. அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளுள் இரண்டுக்கு 2025-ஆம் ஆண்டில் முகம் தரப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வோடு இணைந்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து முக ஆய்வுக்கூடம் கணினி வழியே அப்பணியை நிறைவேற்றிற்று.

எலும்பின் அமைப்பைக் கொண்டு தசையின் பருமனையும் மூக்கின் அகலத்தையும் தாடையின் வடிவையும் ஓரளவு கணிக்கலாம். அது நெடுங்காலம் பயின்று தேர்ந்த அறிவியல். ஆனால் தோலின் நிறத்தை எலும்பு கூறாது. தலைமுடி சுருண்டதா நீண்டதா என்பதையும் கூறாது. ஆகவே இன்றைய தமிழ்நாட்டு மக்களின் நிறத்தை ஒட்டி அம்முகங்களுக்கு நிறம் தீட்டினர். இது துறையறிஞர் கைக்கொள்ளும் வழக்கமே. ஆயினும் படம் நாளிதழ்களில் வெளிவந்ததும் இனம், நிறம், பண்பாடு பற்றிய பழைய வழக்குகள் புதிதாய்க் கிளர்ந்தன. ஒருவர் அம்முகத்தில் தம் பாட்டனாரைக் கண்டார். மற்றொருவர் அதில் தம் கொள்கைக்கு மறுப்பைக் கண்டார். இருசாராரும் வாதிட்டது எலும்பு கூறிய செய்தியைப் பற்றியன்று; பெரும்பாலும் தீட்டிய வண்ணத்தைப் பற்றியே.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த இருவரையும் யாரோ அழுதுகொண்டே அடக்கம் செய்திருப்பார்கள். தாழியில் உணவுக் கலங்களை உடன்வைத்த கைகள் அன்புடைய கைகளே. இறந்தவர் தம் முகத்தைப் பற்றி மறுத்துப் பேச இயலாதவர். 'இது நானல்லேன்' என்று சொல்ல அவருக்கு வாயில்லை. மறுக்க இயலாதவரைப் பற்றிப் பேசும்போது அளந்து பேசுவதே மரியாதை. அம்முகத்தைக் காட்ட வேண்டாம் என்பது நம் வாதமன்று. முகத்தருகே மண்டையோட்டின் அளவை வரைபடத்தையும் வைத்து, 'வடிவம் எலும்பால் அறிந்தது. நிறம் நாங்கள் தேர்ந்தது' என்று படத்திலேயே எழுதிவிட்டால், காண்பவர் ஏமாற மாட்டார். இறந்தவரும் சிறுமைப்பட மாட்டார்.

உருவமில்லாத கற்கள்

வைகையின் வழியே மேல்நோக்கி வந்தால் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றின் காலத்தை கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 2-ஆம் நூற்றாண்டுக்குள் அறிஞர்கள் பலவாறாகக் கணிக்கின்றனர். கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்கு நட்ட கல் அவற்றுள் ஒன்று. 'ஆகோள்' என்பது தொல்காப்பியம் வழங்கும் சொல். அது ஏட்டிலிருந்து இறங்கி மலையடிவாரக் கல்லில் ஏறியிருப்பதைக் கண்டு தமிழுலகம் மகிழ்ந்தது. அக்கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூரே என்று கருதுவாரும் உளர்.

அக்கற்களில் வீரனின் உருவம் கிடையாது. எழுத்து மட்டுமே உண்டு. வில்லேந்தி நிற்கும் உருவம் பொறிக்கும் வழக்கம் பிற்கால நடுகற்களுக்கு உரியது. ஒரு கணினிக் கலைஞர் இக்கல்லைத் திரையில் எழுப்ப முற்படுவார் என்று கொள்வோம். வெறுங்கல் காண்போரைக் கவராது என்றெண்ணி, செங்கம் பகுதி நடுகல்லின் வீரனைக் கொணர்ந்து இதில் பதித்துவிடலாம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இராது. ஆயினும் பல நூற்றாண்டு இடைவெளியை அவர் ஒரு நொடியில் அழித்துவிடுகிறார். உருவம் இல்லாமையே இக்கல் நமக்குக் கூறும் செய்தி. எழுத்தையே நினைவாக நட்ட ஒரு சமூகம் இந்த அடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறது. வெறுமையை நிரப்பும் ஆசை அச்செய்தியைக் கொன்றுவிடும்.

கொட்டகுடியின் கம்பிவடம்

இனி மலைமேல் ஏறுவோம். 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. மலையில் விளைந்த தேயிலையைக் கீழே இறக்குவது பெரும்பாடாக இருந்தது. அதற்காக 1902-இல் மூணாற்றுப் பகுதியிலிருந்து குண்டளை வழியே டாப் ஸ்டேஷன்வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தனர். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும்; பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வண்டியைச் சாயாமல் தாங்கும்; இழுப்பவை காளைகள். 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து செங்குத்தான சரிவில் கம்பிவடம் வழியே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்குச் சுமந்தன. 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. மலையாள நாட்டார் அதனைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் ஊர்ப்பெயர்கள் மட்டும் நிலையமில்லா இடங்களில் இன்றும் நிலைத்துள்ளன.

இவ்வழியைக் கணினியில் எழுப்ப வேண்டும் என்று போடி இளைஞர் சிலர் விரும்பினால் அது போற்றத்தக்க விருப்பமே. அவர்கள் முன்னுள்ள சான்று மூவகைப்படும். எஞ்சிய அடித்தளங்களும் பழைய ஒளிப்படங்களும் கண்ட சான்று. ஒப்பிட்டு அறிவது இரண்டாம் வகை. அதே முறையில் 1907-இல் பட்டியாலா சமஸ்தானத்தில் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் எஞ்சின் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. சக்கர அமைப்பை அறிய அது உதவும். ஆனால் அங்கே நீராவி எஞ்சின் இழுத்தது. குண்டளையிலோ காளைகள் இழுத்தன. ஒப்புமையின் வசதிக்காக அந்த எஞ்சினை இந்த மலையில் ஓடவிட்டால் காளைகளும் அவற்றை ஓட்டிய மனிதரும் வரலாற்றிலிருந்து மறைந்துபோவார்கள். மூன்றாம் வகை, சான்றே இல்லாத இடம். பெட்டி ஏற்றியவர் உடுத்திய உடை, அவர் நின்ற இடம், அவரது முகம் ஆகியவை அதைச் சாரும்.

அந்த மூன்றாம் இடத்தில்தான் அறம் கூர்மை பெறுகிறது. தமிழகச் சமவெளியிலிருந்து கங்காணிகள் வழியே மலையேறிய குடும்பங்களின் உழைப்பில் எழுந்தது அத்தோட்டத் தொழில். கம்பெனி எடுத்த ஒளிப்படங்கள் பெரிதும் இயந்திரத்தையும் துரைமாரையும் காட்டும். தலைச்சுமை சுமந்தவர் ஓரத்தில் நிழலாக நிற்பார். படத்தில் இருப்பதை மட்டும் எழுப்பினால் அந்த ஒதுக்கலை நாமும் மறுபடி செய்தவர்களாவோம். படத்தில் இல்லாதவரைச் சேர்த்தால் கற்பனை செய்தவர்களாவோம். இதற்கு ஒரே வழி, அவர்களைச் சேர்த்து, சேர்த்ததை மறையாமல் கூறுவது. அத்தோடு தோட்டத்து முதியோர் தம் பெற்றோரிடம் கேட்ட செய்திகளைக் குரலாகப் பதிந்து படத்தோடு இணைப்பது.

நெறியை நடைமுறையாக்கல்

சாசனங்கள் கூறும் நெறியை வீட்டுக் கணக்குப்போல் எளிதாக்கிக்கொள்ளலாம். முதலாவது, கண்டதையும் உய்த்துணர்ந்ததையும் கற்பனையையும் மூன்று வேறு நிறங்களில் காட்டும் ஒரு வடிவம் எப்போதும் உடனிருக்க வேண்டும். அழகிய முழு உருவத்தைக் காண்பவர் ஒரு விசையைத் தொட்டால் எது எவ்வகை என்று தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு குறிப்பேடு. இக்கூரையை ஓடாக வரைந்தது ஏன், ஓலையாக வரையாதது ஏன், யார் கூறினார், எந்நாளில் முடிவு செய்தோம் என்பவற்றை அதில் எழுதிவைக்க வேண்டும். இதனை இலண்டன் சாசனம் 'பாராடேட்டா' என்னும் சொல்லால் குறிக்கிறது. பின்னாளில் புதுச்சான்று கிடைக்கும்போது திருத்துவோர்க்கு வழிகாட்டுவது அக்குறிப்பேடே. அறிஞர்கள் மாறுபடும் இடத்தில் இரு வடிவங்களையும் அருகருகே காட்டுவதில் இழுக்கில்லை.

மூன்றாவது, அம்மண்ணுக்குரியோரைக் கேட்டல். குரங்கணிப் பக்கத்து மலைச்சரிவுகளில் முதுவர் வாழ்கின்றனர். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. அவர்கள் புனிதமாகப் போற்றும் இடத்தை அளக்குமுன் அனுமதி கேட்பது நாகரிகம். காட்ட வேண்டாம் என்றால் காட்டாதிருப்பது அறம். அனுமதி கிடைத்தபோதும் கல்திட்டை இருக்கும் இடத்தின் துல்லியமான குறியீட்டை உலகறிய வெளியிடுதல் கூடாது. புதையல் தேடிக் கல்லைப் புரட்டுவோரும் அதே திரையைத்தான் பார்க்கின்றனர்.

நான்காவது, காத்துவைத்தல். இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலப்பதிவேட்டின் 900-ஆம் ஆண்டு நினைவாக, பி.பி.சி. நிறுவனத்தார் 1986-இல் நாட்டு மக்களின் வாழ்வைக் கணினித் தட்டுகளில் பதிந்தனர். பதினைந்தாண்டு கழிவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. பெருமுயற்சிக்குப் பின்னரே அப்பதிவுகளை மீட்க முடிந்தது. தோலில் மையால் எழுதிய பழைய ஏடோ இன்றும் படிக்கத்தக்கதாய் இருக்கிறது. ஆகவே கணினி உருவத்தோடு அளவைகளையும் வரைபடங்களையும் தாளிலும் அச்சிட்டு ஊர் நூலகத்தில் வைப்பது அறிவுடைமை. திரையில் எழுந்த கோபுரத்தை நம்பித் தரையில் நிற்கும் கல்லைக் கைவிடுவதும் ஆகாது. உருவத்துக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கேனும் மூலத்தைக் காக்கச் செல்ல வேண்டும்.

நம் இல்லத்துக்கு அருகில்

இவையெல்லாம் பல்கலைக்கழகத்தாரின் கவலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்துவிட்டது. பங்கின் நூற்றாண்டு விழா மலருக்கு, 'எங்கள் முதல் ஓலைக்கோவில்' என்று ஒரு படத்தை எவரும் நொடியில் உண்டாக்கிவிடலாம். அதில் கோவிலின் வாசல் எத்திசை நோக்கியிருந்தது, முன்வரிசையில் நின்றவர் யார், பின்னால் ஒதுங்கி நின்றவர் யார் என்பதெல்லாம் கருவியின் விருப்பப்படி அமையும். இருபது ஆண்டு சென்றால் அம்மலரைப் புரட்டும் பேரப்பிள்ளை அதனை ஒளிப்படம் என்றே கொள்வான். தன் முன்னோர் எங்கே நின்றார் என்பதை அப்படத்தைப் பார்த்தே முடிவு செய்வான். படத்தின்கீழ் ஒரே வரியில் 'இது கற்பனை. முதியோர் சொல்லக் கேட்டு வரைந்தது' என்று அச்சிட்டால் போதும், அவனுக்கு நாம் உண்மையுள்ளவர்களாகிறோம்.

வரலாற்றில் அறியாத இடங்கள் எப்போதும் இருக்கும். அவற்றை அறியாத இடங்கள் என்றே விட்டுவைப்பதற்குத் துணிவு வேண்டும். புலிமான்கோம்பைக் கல்லை நட்டவர்கள் பெயரையும் ஊரையும் பூசலையும் எழுதி, அத்தோடு உளியைக் கீழே வைத்தார்கள். அந்தவனின் முகம் எப்படியிருந்தது என்று அவர்கள் நமக்குச் சொல்லவில்லை. சொல்லாததை நாம் வரைந்துகொள்ளலாம். ஆனால் வரைந்தவர்கள் நாம் என்பதை ஒருபோதும் மறைத்தலாகாது.